வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்த காலம்

கால்நடை மருத்துவப் படிப்பு எலும்பில் தொடங்கும். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1990களில் சேர்ந்த மாணவருக்கு முதல் சில வாரங்களிலேயே மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு சாக்குப்பை வந்து சேர்ந்துவிடும். உள்ளே மாட்டின் தோள்பட்டை, தொடை, முன்னங்கால் எலும்புகளும் ஒன்றிரண்டு முதுகெலும்புக் கணுக்களும் இருக்கும். பல கைகள் பட்டு வழவழப்பாகி, பழைய காகிதத்தின் மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். விடுதி அறைகளில் கட்டிலுக்கு அடியில் இந்தப் பை கிடக்கும். இரவில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் எலும்பைக் கையில் வைப்பார். எந்த எலும்பு, எந்த விலங்கு, இடமா வலமா என்று தடவியே சொல்ல வேண்டும். வைவா தேர்வில் முதலில் வரும் கேள்வியும் அதுதான். மாட்டுக்கு விலா எலும்பு 13 இணை, குதிரைக்கு 18, பன்றிக்குப் பெரும்பாலும் 14. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. முதல் ஆண்டு முழுவதும் இப்படி 'உண்டு', 'இல்லை' என்ற கணக்கிலேயே கழியும்.

உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் நெடி கண்ணில் நீர் வரவைக்கும். பதப்படுத்திய எருமையோ மாடோ மேசைமேல் கிடக்க, ஒரு மேசைக்கு ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்று தசையையும் நரம்பையும் பிரித்தெடுப்பார்கள். இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் ஏற்றியிருக்கும். வகுப்பு முடிந்து சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாலும் விரலிலிருந்து அந்த நெடி போகாது. மதியம் மெஸ்ஸில் சோற்றைப் பிசையும்போது கூடவே வரும். முதல் மாதத்தில் பலர் கரண்டி கேட்டு வாங்கினார்கள். இரண்டாம் மாதத்தில் எல்லோரும் கையால்தான் சாப்பிட்டார்கள்.

கல்லூரி 1903இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் இருபது மாணவர்களுடன் தொடங்கியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தபோது, கால்நடை மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பித்த முதல் இந்தியக் கல்லூரி என்ற இடம் அதற்குக் கிடைத்தது. பின்னர் சில காலம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியாக உருவானபோது அதன் தாய்க் கல்லூரியானது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கும் புரசைவாக்கத்துக்கும் நடுவே, பேருந்துகள் இடைவிடாமல் ஓடும் சாலையின் ஓரத்தில், சுற்றுச்சுவருக்குள் மாட்டுக் கொட்டிலும் குதிரை லாயமும் வைத்திருந்த கல்லூரி அது. மாடு கத்தும் குரலும் பேருந்தின் ஹாரனும் வகுப்பறை சன்னல் வழியாக ஒன்றாக உள்ளே வரும்.

சேர்ந்த மாணவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் ஊரில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பால் கறந்து, சாணி அள்ளி, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டு வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். மறு சாரார் சென்னையிலும் மற்ற நகரங்களிலும் வளர்ந்து, மாட்டைத் தெருவில் விலகி நடக்க வேண்டிய ஒன்றாக மட்டுமே அறிந்தவர்கள். முதல் ஆண்டில் வகுப்பறையில் பின்னவர்கள் முன்னே நின்றார்கள். கொட்டிலில் இது தலைகீழானது. மாட்டை அணுகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், குதிரை பின்னோக்கி உதைக்கும், மாடு பக்கவாட்டில் காலை வீசும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கிராமத்துப் பையன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டைத் திருப்பி நிறுத்தியிருப்பான். அன்று மாலை விடுதியில் ஆங்கிலப் பாடம் தெரிந்தவன் அவனுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தான். அவன் இவனுக்குக் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தான். ஐந்து ஆண்டும் இந்தப் பண்டமாற்று ஓயவில்லை.

தெரிந்ததை மறக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. மாதவரம் பண்ணையில் விடிவதற்கு முன் கறவை வகுப்பு நடக்கும். ஊரில் கட்டைவிரலை மடக்கி, காம்பை அதன் கணுவில் அழுத்திக் கறந்து பழகியவர்கள், அந்த முறை காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கும் என்றும் முழுக்கையால் பிடித்துக் கறப்பதே சரி என்றும் அங்கேதான் கேட்டார்கள். பத்து வருடப் பழக்கத்தைக் கை விட மறுத்தது. நகரத்து மாணவர்களுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் முழுக்கை சீக்கிரம் வந்தது. காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் மெட்ராஸ் சிவப்பு செம்மறிகளை எடை போட்டதும், காதில் எண் பொறித்த தகட்டைப் பார்த்துப் பரம்பரைப் பதிவேட்டில் தாய் தந்தை எண்களைத் தேடியதும் இதே காலத்தில்தான். காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்ற மாட்டினப் பெயர்கள் அந்தந்தப் பகுதி மாணவருக்கு ஊர்ப்பெருமை. எந்த இனம் உழவுக்குச் சிறந்தது என்ற விவாதம் விடுதி மாடியில் நள்ளிரவைத் தாண்டியும் நடந்தது.

இடைப்பட்ட ஆண்டுகள் நோய்க்கூறியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல் ஆகியவற்றுக்கு உரியவை. நுண்ணோக்கியின் கீழே புழு முட்டைகளின் வடிவத்தை நோட்டில் வரைந்து வரைந்து கை ஓய்ந்துபோகும். பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் முதலில் மாணவர் கைக்கு வருவது இறந்த கோழி. வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழியின் முன் இரைப்பையைக் கீறிப் பார்த்தால் சுரப்பிகளின் நுனியில் குண்டூசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் தெரியும். பாடநூலில் இதன் பெயர் ராணிக்கெட் நோய். 1920களின் இறுதியில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் இந்த நோய் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. தடுப்பூசி மருந்து தயாராகும் ராணிப்பேட்டையோடு அதைக் குழப்பிக்கொள்ளாத மாணவர் குறைவு.

வெறிநாய்க்கடி பற்றிய பாடத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வெறிநோயில் இறந்த நாயின் மூளைத் திசுவில் நெக்ரி துகள்கள் என்று காட்டப்பட்ட சிவந்த புள்ளிகளை அடெல்கி நெக்ரி கண்டறிந்தது கல்லூரி தொடங்கிய அதே 1903இல். அந்தக் கண்ணாடிச் சில்லைப் பார்த்த மாணவர்கள் மற்ற வகுப்புகளில் பேசிக்கொள்வதுபோல் அங்கே பேசிக்கொள்ளவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லாத நோய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்டு வெக்கை நோயின் கதை வேறு. மூத்த ஆசிரியர்கள் அதை நேரில் கண்டவர்கள். கிராமங்களில் ஒரே வாரத்தில் தொழுவங்கள் காலியானதை அவர்கள் சொல்லும்போது குரல் தாழும். மாணவர்களுக்கோ அது பாடநூலில் மட்டும் இருந்த நோய். 2006இல் இந்தியா அந்த நோயற்ற நாடு என்று ஏற்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு உலகில் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான். 1990களில் படித்தவர்கள் அந்த நோயின் கடைசி அத்தியாயத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

நோய்களின் பெயர்களை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. வகுப்பில் கேட்டவை லத்தீனும் கிரேக்கமும் கலந்த ஆங்கிலப் பெயர்கள். மருத்துவமனை வாசலில் கேட்டவை வேறு. மாட்டின் தொடையும் இடுப்பும் வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்றுச் சத்தம் கேட்கும் நோய்க்கு ஊரில் சப்பை நோய் என்று பெயர். சப்பை என்றால் இடுப்பு. நோய் எங்கே வரும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறார மேய்ந்த ஆடு திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் அது துள்ளுமாரி. தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் தொண்டை அடைப்பான். வாயிலும் குளம்பிலும் புண் வந்தால் கோமாரி, சில ஊர்களில் காணை. சினை மாடு காலம் வருமுன் கருவைப் போட்டுவிட்டால் கன்று வீச்சு. இந்தப் பெயர்களைச் சூட்டியவர்கள் நுண்ணோக்கி பார்த்ததில்லை. நோயைப் பார்த்திருந்தார்கள். பருவம், தீவனம், வீக்கத்தின் இடம், சாகும் விதம் எல்லாம் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தன. தேர்வுக்கு உட்காரும் மாணவர் நினைவில் ஆங்கிலப் பெயர் தவறினாலும், சப்பை என்ற சொல் வந்தால் அறிகுறிகள் எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன.

தொண்டை அடைப்பானிலிருந்து வேறான அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயைப் பற்றிச் சொல்லும்போது ஆசிரியர்கள் ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நல்லாயிருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் வழிந்தால், அந்த உடலைக் கத்தியால் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் கிருமி காற்றுப் பட்டதும் வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவே பயிற்சி பெற்ற மாணவருக்கு, அறுக்காமல் காதோரத்தில் ஒரு துளி இரத்தம் மட்டும் எடுத்துவிட்டு ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வது பழகிக்கொள்ள வேண்டிய ஒரு பாடம்.

இறுதி ஆண்டுகள் மருத்துவமனையில் கழிந்தன. காலை எட்டு மணிக்கே புறநோயாளிப் பிரிவின் முன்னால் ஆட்டோக்கள் நிற்கும். நாய்கள்தான் அதிகம். அந்நாளில் சென்னை வீடுகளில் பொமரேனியன் நிறைய. இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எப்போதாவது வரும். பார்வோ வைரஸ் நோய் கண்ட நாய்க்குட்டிகள் இரத்தக் கழிச்சலோடு வரிசையாகப் படுத்திருக்கும். அந்த வாடையை ஒருமுறை அறிந்தவர் வாசலிலேயே நோயைச் சொல்லிவிடுவார். வியாசர்பாடியிலிருந்து ஆட்டை ரிக்‌ஷாவில் ஏற்றி வந்த பாட்டியும், அண்ணாநகரிலிருந்து காரில் நாயைக் கொண்டுவந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டிக்கு மாணவர் 'தம்பி', மாணவி 'பாப்பா'. ஊசி போட்டு ஆடு எழுந்து நின்றபிறகு இருவருமே 'டாக்டரு' ஆனார்கள்.

மாடுகள் வந்தால் இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்திக் கட்டுவார்கள். உரிமையாளர் சொல்வதைக் கேட்பதுதான் முதல் வேலை. "தீனி எடுக்கல, அசை போடல, மூக்கு காஞ்சிருக்கு" என்ற மூன்று வாக்கியத்தில் பாதி நோயறிதல் முடிந்துவிடும். பிறகு வாலின் அடியில் நாடி, வெப்பமானி, இடது விலாப்பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்து முதல் இரைப்பை அசைகிறதா என்று காத்திருப்பது. நலமான மாட்டில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அந்த அசைவு கையைத் தள்ளும். முதல்முறை அந்தத் தள்ளலை உணர்ந்த மாணவர் அதை மறப்பதில்லை. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு பெரிய பானை உள்ளே இருந்துகொண்டு மெல்லக் கிண்டப்படுவதுபோல் இருக்கும்.

பொங்கலுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்கள் பணிநேரப் பட்டியலில் கூடுதல் பேர் இருப்பார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, பூசை முடிந்து பானை நிறையப் பொங்கலை அன்போடு ஊட்டியிருப்பார்கள். வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகிய இரைப்பைக்குள் சோறு திடீரென்று அவ்வளவு போனால் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். மாவுச்சத்தைத் தின்று பெருகும் கிருமிகள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். இயல்பாக ஆறுக்கும் ஏழுக்கும் இடையே இருக்கும் அமில காரநிலை ஐந்துக்கும் கீழே போகும். மாடு தள்ளாடும், பல்லைக் கடிக்கும், புளித்த வாடையோடு கழியும், பிறகு படுத்துவிடும். சமையல் சோடாவும் இரத்தக்குழாய் வழியே திரவமும் கொடுத்து, முடிந்தால் குழாய் விட்டு இரைப்பையைக் கழுவி, இரவு முழுக்க மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். நெற்றியில் குங்குமம் அழியாத மாடு படுத்துக் கிடக்க, சோறு ஊட்டிய அம்மாள் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. அவரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைப் பாடநூல் கற்பிக்கவில்லை. வயதான ஆசிரியர் ஒருவர் அருகில் குந்தி உட்கார்ந்து, "அடுத்த வருசம் ஒரு கவளம் மட்டும் குடும்மா, அதுக்கு அது போதும்" என்று மட்டும் சொல்வார். மாணவர்கள் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

முதல் ஆண்டின் எலும்பும் உறுப்பும் இங்கே பொருள் பெற்றன. மாட்டின் இரண்டாம் இரைப்பை தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்டது. உதரவிதானத்துக்கு ஒரு பக்கம் அது, மறுபக்கம் இதயம். இடைவெளி சில சென்டிமீட்டர். மாடு உதட்டால் பொறுக்கிப் பார்த்துத் தின்பதில்லை, நாக்கால் சுருட்டி இழுத்து விழுங்கிவிடும். தீவனத்தோடு போன கம்பித் துண்டோ ஆணியோ அந்தத் தேன்கூட்டில் தங்கி, இரைப்பை சுருங்கும்போது முன்னோக்கிக் குத்தினால் இதயம்வரை போகும். அத்தகைய மாடு முழங்கையை வெளியே விரித்து நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும். நகரத்தில் இதைவிடப் பெரிய தொல்லை பிளாஸ்டிக். மீந்த உணவைப் பையில் முடிந்து குப்பைத் தொட்டியில் போட்டால் மாடு பையோடு விழுங்கும். இடது விலாவைக் கீறி முதல் இரைப்பையைத் திறந்தால், கயிறும் பையும் சிக்கி இறுகிய உருண்டைகள் கை கையாக வரும். 2019 அக்டோபரில் வேப்பேரி மருத்துவமனையில் ஒரே மாட்டின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. அங்கே முன்பு படித்தவர்களுக்கு அளவு மட்டுமே புதிது. அவர்கள் காலத்திலேயே அறுவைக்கூடத்தின் மூலையில் அத்தகைய உருண்டைகள் வாளி வாளியாக நின்றன.

மருந்து புகட்டுவதில் நேரும் தவறும் அடிக்கடி வந்தது. நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, தலையை உயரத் தூக்கி, மூங்கில் குழாயால் எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றினால் மாட்டால் விழுங்க முடியாது. மருந்து புரையேறி நுரையீரலுக்குப் போகும். வயிற்று உப்புசத்துக்காகக் கொடுத்த எண்ணெய் நிமோனியாவாகத் திரும்பி வரும். நாக்கை விட்டுவிடுங்கள், தலை முதுகு மட்டத்தைத் தாண்ட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வது மாணவர்களின் வேலையாக இருந்தது. இந்த மூன்று வாக்கியங்கள் எத்தனையோ மருந்துகளைவிட அதிக மாடுகளைக் காப்பாற்றியிருக்கும்.

சினையியல் வகுப்பு தோள்வரை நீண்ட கையுறையோடு தொடங்கும். மலக்குடலுக்குள் கை விட்டு, அதன் சுவர் வழியே கருப்பையைத் தொட்டறிய வேண்டும். முதல் பல நாட்கள் மாணவர் கைக்குச் சாணத்தைத் தவிர எதுவும் தட்டுப்படாது. மாடு இறுக்கும்போது கை மரத்துப்போகும். எங்கோ ஒருநாள் விரலுக்கடியில் கருப்பைக் கழுத்து கெட்டியாக உருளும், அங்கிருந்து இரண்டு கொம்புகளும் கிளை பிரியும். பழகிய கை இரண்டு மாதச் சினையைச் சொல்லிவிடும். பசுவுக்கு 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114, நாய்க்கு 63 என்ற சினைக்கால வாய்ப்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும். குடுவையைத் திறந்தால் வெண்புகை தரையில் படியும். காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு மாலையில் சினை ஊசி என்ற விதியைப் பாடநூல் கருமுட்டை வெளிப்படும் நேரத்தைக் கணக்கிட்டு விளக்கியது. பால்கார அம்மாக்கள் வழும்பு கண்ணாடிபோல் தெளிந்து ஒழுகுவதைப் பார்த்துச் சரியான நேரத்துக்கு மாட்டை ஓட்டி வந்தார்கள். எந்த மாட்டுக்குச் சினை நிற்கும் என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் பலித்தது. மாணவிகள் இந்த வேலைக்குச் சரிப்படுவார்களா என்ற கேள்வியை அந்நாளிலும் சிலர் கேட்டார்கள். சக்குபாய் ராமச்சந்திரன் இதே கல்லூரியில் படித்து நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களுள் ஒருவரானது 1950களின் தொடக்கத்தில். கன்று குறுக்கே திரும்பிக் கிடந்த ஈற்றில், மெலிந்த கை உள்ளே எளிதாகத் திரும்பும் என்பதைக் கொட்டிலில் இருந்த அனைவரும் நேரில் கண்டார்கள்.

படிப்பின் ஓரத்தில் மற்றவையும் உண்டு. இறைச்சிக் கூடத்தில் அதிகாலை ஆய்வு, வண்டலூர் உயிரியல் பூங்கா, வடக்கே கர்னாலுக்கும் இசத்நகருக்கும் ரயிலில் போன சுற்றுலா. அதுவரை பாராத மாட்டினங்களை இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சாஹிவாலின் மடியளவைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

கடைசியாக உள்ளுறைப் பயிற்சி. சிலர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தார்கள். சிலர் ஊர்தியில் கிராமங்களுக்குப் போனார்கள். காலையில் புளியமரத்தடியில் வண்டி நிற்கும்போது மாடுகள் ஏற்கெனவே வந்திருக்கும். அங்கே நுண்ணோக்கியும் எக்ஸ்ரேயும் இல்லை. கையும் காதும் வெப்பமானியும்தான். ஐந்து ஆண்டு படித்த ஆங்கிலச் சொற்களில் ஒன்றைக்கூட உரக்கச் சொல்லாமல் ஒரு முழுநாள் வைத்தியம் பார்க்க முடிந்தது. "இளங்கொடி விழல", "மடி கல்லாட்டம் இருக்கு", "ரெண்டு நாளா சாணி போடல" என்று மாட்டை ஓட்டி வந்தவர்கள் சொல்ல, மாணவர் அதே சொற்களில் மேற்கொண்டு கேட்டார். மாடு எத்தனை பல் என்று விசாரித்தால் வயது வந்தது. தமிழ்வழியில் படித்துத் தயங்கித் தயங்கி வகுப்பில் எழுந்தவர்கள் மரத்தடியில் முதலில் பேசினார்கள்.

பயிற்சி முடிந்தபின் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி மாநில மன்றத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குமுன் ஒவ்வொருவரும் தம் நோயாளிப் பதிவேட்டை ஒப்படைத்தார்கள். தேதி, ஊர், விலங்கு என்ற கட்டங்களுக்கு அடுத்தது உரிமையாளர் கூறியது. நோயின் பெயரும் மருந்தும் அதற்கு வலப்பக்கத்தில். முதல் பக்கங்களில் உரிமையாளர் கூறியதற்கான கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும் இருந்தது. பின்பக்கங்களில் அது தமிழில், வந்தவர் சொன்னபடியே, இரண்டு மூன்று வரிகளாக நீண்டிருந்தது.